அகச்சிவப்பு அளவீட்டில் 1640இல் வந்தது பீனோலா, தண்ணீரா? உதவி தேவை

வணக்கம். திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். களிமண்ணில் பீனோல் ஒட்டுகிறதா என்று பார்க்க, மன்னார் முருங்கன் களிமண்ணைச் சிடிஏபி (நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட ஒரு சவர்க்காரப் பொருள்) கொண்டு மாற்றி, பீனோல் கரைசலில் ஒரு நாள் குலுக்கி, வடித்து, 105 பாகையில் இரவு முழுக்க உலர்த்தினேன். கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு உப்பு) வில்லையில் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் 2920, 2850 செ.மீ⁻¹இல் பீக் (உறிஞ்சல் முகடு) தெரிகிறது, ஆகவே சிடிஏபி ஏறிவிட்டது. பீனோலுக்குப் பிறகு 1640 பெருத்திருக்கிறது. இதைப் பீனோல் வளையம் என்று எழுதலாமா? வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. 1640 தண்ணீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு. 3400 பக்கமும் அகலமாக ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கேபிஆர் ஈரத்தை இழுக்கும். மாரிகாலத்தில், அதுவும் உப்புவெளிக் காற்றில், உரலில் அரைக்கிற ஐந்து நிமிடமே போதும். பீனோலை 1595, 1500இல் தேடுங்கள். 1595 தண்ணீரின் தோளில் மறைந்துவிடும். 1500 பக்கம் களிமண்ணுக்கு ஒன்றும் இல்லை, அதைத்தான் நம்பலாம். 1470ஐ விட்டுவிடுங்கள், சிடிஏபியின் சங்கிலியும் அங்கேதான் வரும்.

கேட்டவர்: 3400 நன்றாகவே ஏறியிருக்கிறது அண்ணா. 1500இல் ஒன்றுமில்லை. அப்போ ஒட்டவே இல்லையா?

இன்னொருவர்: 105 பாகையில் இரவு முழுக்க என்றீர்களே, பிழை அங்கேதான் இருக்கும். பீனோலின் கொதிநிலை 182தான், ஆனாலும் அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய்விடும். அடுப்பைத் திறந்தபோது ஆஸ்பத்திரி மணம் வரவில்லையா? சூடு கேபிஆருக்குத்தான் தேவை, அதை 110இல் ஓர் இரவு வையுங்கள். மாதிரியைச் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேற்றரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) சாதாரண வெப்பத்திலேயே உலர விடுங்கள். அப்புறம், மாற்றாத களிமண்ணையும் அதே பீனோலில் குலுக்கி எடுங்கள். அது இல்லாமல் சிடிஏபியால்தான் ஒட்டியது என்று சொல்ல முடியாது. ஒரு நிறமாலையிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பதானால் களிமண்ணின் சொந்த 3620 பீக்கைச் சமப்படுத்திவிட்டுக் கழியுங்கள். எவ்வளவு ஒட்டியது என்பதற்கு இந்த வில்லையை நம்ப வேண்டாம். வடித்த கரைசலை யூவியில் (புறஊதா ஒளி உறிஞ்சல் அளவி) 270 நானோமீற்றரில் அளந்தால் தெரிந்துவிடும்.

முதல் பதில் தந்தவர்: 2920ஐயும் கவனியுங்கள். 2917 பக்கம் இறங்கினால் சங்கிலிகள் நிமிர்ந்து அடுக்காக இருக்கின்றன, 2928 பக்கம் ஏறினால் குலைந்து கிடக்கின்றன. பீனோல் உள்ளே நுழைந்ததும் இது நகர்கிறதா என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

கேட்டவர்: மறுபடி செய்தேன். 1640 பாதியாகிவிட்டது, 1498இல் சின்னதாக ஆனால் கூராக ஒன்று. மாற்றாத களிமண்ணில் அது இல்லை. 2920 நகரவில்லை. மணம் வந்தது உண்மைதான், யாரோ டெற்றோல் போட்டுக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.