142857: எண்ணின் குணமா, எழுதும் முறையின் குணமா?

தேவகோட்டைக்காரன்:
காரைக்குடிப் பள்ளி ஒன்றின் கணிதக் கண்காட்சியில் 142857-க்குத் தனி அட்டை வைத்திருந்தார்கள். சுழல் எண் (2 முதல் 6 வரை பெருக்கினாலும் அதே இலக்கங்கள் சுழன்று வரும், இரட்டித்தால் 285714), கப்ரேக்கர் எண் (வர்க்கத்தை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் அதே எண்), ஹர்ஷத் எண் (தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும்) என்று வரிசையாகப் பட்டங்கள். எனக்கு உடன்பாடில்லை. இவை மூன்றும் நாம் பத்தடிமானத்தில், அதாவது பத்துப் பத்தாக எண்ணும் முறையில், எழுதுவதால் ஒட்டிக்கொண்டவை. எட்டெட்டாக எண்ணும் எட்டடிமானத்தில் இதே எண் 427011. இரட்டித்தால் 1056022, சுழற்சியே இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 15. அந்த 15-ஆல் எண் வகுபடாது, ஹர்ஷத் பட்டமும் போயிற்று. 3³ × 11 × 13 × 37 என்ற பகாக் காரணிகளும் 32 வகுத்திகளும் எந்த அடிமானத்திலும் மாறா. தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 112503தான் வரும். அது எண்ணைவிடச் சிறியது, ஆகவே இது குறைவு எண். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பள்ளத்தூர் ஆசிரியை:
ஐயா, கணக்கு சரி, முடிவை ஏற்க மாட்டேன். கப்ரேக்கர் பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 142857-இன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டினால் மீண்டும் 142857. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் இப்படிப்பட்ட எண்களைத் தேடித் தேடித் திரட்டினார். இது ஏன் நடக்கிறது? 142857 × 7 = 999999. அதற்கு முந்தைய எண்ணான 142856, 7 × 20408. ஆகவே 142857 × 142856 என்பது 999999 × 20408. அதோடு ஒரு 142857-ஐக் கூட்டினால் வர்க்கம் வந்துவிடும். 999999 என்பது பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. அதனால் 20408 முன்னே போய் நிற்கிறது, மிச்சம் 122449 பின்னே. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தாளில் போட்டுப் பார்க்கலாம். இதில் தற்செயல் எங்கே இருக்கிறது?

கானாடுகாத்தான் வாசகர்:
எங்கள் வீட்டுப் பழைய கணக்கேட்டு முறையில் இதை ௱௪௰௨௲௮௱௫௰௭ என்று எழுத வேண்டும். இரட்டித்தால் ௨௱௮௰௫௲௭௱௰௪. அதே பத்தடிமானம்தான், ஆனால் சுழற்சி கண்ணில் படவில்லை. தேவகோட்டைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

தேவகோட்டைக்காரன்:
நன்றி. ஆசிரியை அவர்களே, உங்கள் நிரூபணம் அழகுதான். ஆனால் அது பத்தின் ஆறாம் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பள்ளத்தூர் ஆசிரியை:
7-க்கும் 10-க்கும் உள்ள உறவு மிஞ்சும். 10-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 3, 2, 6, 4, 5, 1, ஆறும் வந்துவிடுகின்றன. சுழற்சிக்குக் காரணம் இதுவே. 13-ஐ எடுத்தால் பன்னிரண்டு மீதிகளில் ஆறுதான் வரும். அங்கே முழுச் சுழற்சி கிடையாது. இந்த உறவை எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாது. எட்டடிமானத்தில் 7-ஐ இழந்தீர்கள், 8-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1தான். இரண்டை அடிமானமாகக் கொண்ட இருமத்தில் பதினொன்று என்ற பகா எண் கிடைக்கிறது, 2-இன் அடுக்குகள் அதன் பத்து மீதிகளையும் தொடுகின்றன. 10-க்கு 7, 17, 19, 23 போன்ற பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா? உண்டு என்று சொல்லும் கணிதவியலாளர் எமில் ஆர்ட்டினின் 1927-ஆம் ஆண்டுக் கருதுகோள் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 1967-இல் கணிதவியலாளர் ஹூலி கூட, இன்னும் நிரூபிக்கப்படாத மற்றொன்றான பொதுமைப்படுத்திய ரீமன் கருதுகோளை மெய்யென்று வைத்துக்கொண்டே நிறுவினார். அந்த அட்டையை எடுக்கச் சொல்லாதீர்கள் ஐயா. உங்கள் 427011-ஐயும் அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.