கச்சா எண்ணெய் வடித்த மிச்சம்: ஸ்பானிஷ் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது?

கயல்:
கொலம்பியாவின் பர்ராங்காபெர்மேஹா சுத்திகரிப்பு ஆலை பற்றிய ஓர் அறிக்கையை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 'க்ரூடோ ரெதுசீதோ', 'ஃபோந்தோஸ் தே வாசியோ', 'கொம்புஸ்தோலியோ' என்று மூன்றும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'ரெசிட்யூ' (மிச்சம்) என்றே போட்டுவிடுங்கள் என்கிறார் வேலை கொடுத்தவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆலையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

முத்துவேல்:
ஒப்பவே ஒப்பாதீர்கள் கயல். மூன்றும் வேறு வேறு சரக்கு. பல வருஷம் வடிகோபுரப் பிரிவில் இருந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

முதல் கோபுரத்துக்குள் கச்சா எண்ணெய் சுமார் 350 முதல் 370 டிகிரி செல்சியஸ் சூட்டில் போகும். நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்த பின் அடியில் நிற்பது க்ரூடோ ரெதுசீதோ. ஆங்கிலத்தில் 'ரெடியூஸ்டு க்ரூட்', அல்லது 'அட்மாஸ்பெரிக் ரெசிட்யூ'. நம் ஊர் ஆலைகளில் ஆர்.சி.ஓ. என்போமே, அதுதான்.

அதை மேலும் காய்ச்சினால் மூலக்கூறு உடைந்து உலைக் குழாய்க்குள் கரி பிடித்துவிடும். அதனால் அடுத்த கோபுரத்தில் அழுத்தத்தை வெற்றிடம் அளவுக்கு இறக்கி வடிப்பார்கள். அங்கே அடியில் வருவது ஃபோந்தோஸ் தே வாசியோ, அதாவது 'வாக்யூம் பாட்டம்ஸ்'. மாதிரிக் குப்பியில் பிடித்து ஆறவிட்டால், பெரும்பாலும் குப்பியைக் கவிழ்த்தாலும் இறங்காது.

கொம்புஸ்தோலியோ மிச்சமே இல்லை, விற்பனைச் சரக்கு. கனமான மிச்சத்தில் இலகுவான எண்ணெய் கலந்து, பாகுநிலையை அளவுக்குக் கொண்டுவந்து விற்பது. 'ஹெவி ஃப்யூயல் ஆயில்' என்று போடுங்கள். அதையும் ரெசிட்யூ என்று எழுதினால் ஆலையின் உற்பத்திக் கணக்கே தப்பாகிவிடும்.

நிலா:
வெனிசுவேலா ஆவணம் கைக்கு வந்தால் 'ரெசிதுவோ லார்கோ', 'ரெசிதுவோ கோர்த்தோ' என்று இருக்கும். முதல் கோபுரத்து மிச்சம் 'லாங் ரெசிட்யூ', வெற்றிடக் கோபுரத்து மிச்சம் 'ஷார்ட் ரெசிட்யூ'. அப்புறம், 'ஃபோந்தோஸ்' என்றால் நிதி என்றும் பொருள். மென்பொருளில் போட்டுப் பார்ப்பவர்கள் அந்த இடத்தைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள்.

கயல்:
ரொம்ப நன்றி சார், நன்றி நிலா. அடுத்த பக்கத்தில் 'ஃபோந்தோஸ் தெமெக்ஸ்' என்று இருக்கிறதே, இது எந்தக் கோபுரம்?

முத்துவேல்:
அது வடிகோபுரமே இல்லை. தெமெக்ஸ் என்பது மெக்சிகோ பெட்ரோலிய ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் யூ.ஓ.பி. நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த முறை. வெற்றிடக் கோபுரத்து அடிச்சரக்கை இலகுவான கரைப்பானோடு கலந்து, உலோகம் குறைந்த எண்ணெயைப் பிரித்தெடுப்பார்கள். அஸ்பால்டீன் என்ற கனமான தார் போன்ற பொருளும் நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களும் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். 'டெமெக்ஸ் பாட்டம்ஸ்' என்று பெயரோடு எழுதுங்கள். 'வாக்யூம் பாட்டம்ஸ்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது இந்தப் பிரிவுக்குள் நுழையும் சரக்கு. அறிக்கையில் குழாய்ப் படம் இருந்தால் இங்கே விவரமாகச் சொல்லுங்கள், மற்ற பெயர்களையும் பார்த்துவிடலாம்.