தரவையில் மரம் நடப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருப்பது என்னென்ன?

தரவைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், பாக் நீரிணைப் பக்கம். ஊருக்கும் கடலுக்கும் நடுவே பெரிய தரவை, அதாவது வெட்டவெளிப் பொட்டல், கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டி நிற்கும். மாசி, பங்குனியில் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், மற்றபடி யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. இப்போது எங்கள் இளைஞர் மன்றம் அங்கே மரக்கன்று நடுவதாக முடிவெடுத்து, தரையைச் சமப்படுத்த ஜேசிபியும் பேசிவிட்டது. "அங்கேதான் ஏற்கெனவே செடியும் குருவியும் இருக்கே" என்று கூட்டத்தில் சொன்னேன். "என்ன இருக்கு, பேர் சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டார்கள்.

பார்த்ததை எழுதுகிறேன். உமரி என்று ஊரில் சொல்வதே இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்றில் இலையே கிடையாது, கணுக்கணுவாகத் தண்டு மட்டும். இன்னொன்றில் சின்னச் சின்னத் தடித்த இலை. தரையோடு படர்ந்து ரோஸ் நிறத்தில் பூக்கிற கொடி ஒன்று. மேட்டுப் பக்கம் குடை விரித்த மாதிரி முள்மரங்கள். அதைச் சீமைக்கருவேலம், பிடுங்க வேண்டியது என்கிறார்கள். எனக்குச் சந்தேகம்.

அப்புறம் ஒரு குருவி. உள்ளங்கைக்குள் அடங்கும். முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை. விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். சித்திரை வெயிலில் கிட்டே போனேன், இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு நொண்டியது. வெளிநாட்டுப் பறவைகள் எல்லாம் அந்த மாதத்தில் திரும்பிப் போயிருக்குமே? மொபைலில் எடுத்த படத்தில் புள்ளியாகத்தான் தெரிகிறது, அதனால் போடவில்லை.

உப்பளக் கணக்கு எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் குருவி. செடி எங்கேயும் ஓடிவிடாது.

உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். பாத்தி வரப்பில் தினமும் என் காலடியில் ஓடுகிற ஆள் இது. உப்புக்கொத்தி வகை. ஓடி, நின்று, ஓடுவது அந்தக் குடும்பத்து நடை. உள்ளான்கள் பெரும்பாலும் குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். தூரத்தில் நிறம் தெரியாதபோது இந்த நடை ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது கழுத்தையும் காலையும் பார். பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்து, மார்புப் பட்டை நடுவில் சேராமல் இரண்டு பக்கமும் துண்டாக நின்றுவிட்டால் கென்டிஷ் உப்புக்கொத்தி வகையறா. கால் மஞ்சளாக, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பின்கழுத்தில் வெள்ளையே இல்லையென்றால் மணல் உப்புக்கொத்தி. இது பனிக்காலத்து விருந்தாளி, இங்கே முட்டையிடாது.

நீ சித்திரை என்று சொன்னாய் பார், அதுதான் முக்கியம். குளிர்காலத்துக்கு வந்த கென்டிஷ் உப்புக்கொத்திகள் அதற்குள் வடக்கே போயிருக்கும். இங்கேயே தங்கி முட்டையிடுவது அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்கு வீடு. 1915இலேயே விவரித்துவிட்டார்கள், ஆனால் கென்டிஷ் பறவையின் துணையினம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டு, தனி இனம் என்று ஆய்வு வெளிவந்தது 2023இல். ராமர் பாலமான சேதுவை வைத்துத்தான் அனுமன் பெயர். கென்டிஷ் ஆணுக்கு, கூடு கட்டும் பருவத்தில், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்புக் கோடு இருக்கும், உச்சந்தலையில் செம்பழுப்பு ஏறும். அனுமனுக்கு அந்த இடம் வெள்ளை, உச்சியில் செம்பழுப்பும் சொல்லும்படி இருக்காது. தரமான பைனாகுலர் இருந்தால் தெரியும்.

நொண்டியது முழுக்க நடிப்பு. உன்னைக் கூட்டிலிருந்து தள்ளி இழுத்துப் போகப் பார்க்கிறது. கூடு என்றால் சுள்ளி அடுக்கியது அல்ல. தரையில் ஒரு சின்னக் குழி, அதில் உடைந்த கிளிஞ்சல் நாலு துண்டு, அவ்வளவுதான். மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல் போட்ட இரண்டு மூன்று முட்டை. மிதிக்கப் போகும்வரை கண்ணில் படாது. குருவி நொண்ட ஆரம்பித்தால் அடுத்த அடி வைக்காமல், வந்த தடத்திலேயே திரும்பிவிடு. நீ எங்கே குனிகிறாய் என்று காக்கா பார்த்துக்கொண்டே இருக்கும். முட்டைப் படத்தை இடத்தோடு எங்கேயும் போடாதே. சின்ன ஆலாவும் ஆள்காட்டியும்கூட இப்படித் திறந்த தரையில்தான் முட்டையிடும். கோடையில் ஜேசிபி இறங்கினால் என்ன மிஞ்சும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பாசிக்காரி எழுதியது:

செடிக்கு நான் சொல்கிறேன். இலையில்லாமல் கணுக்கணுவாக இருப்பதை ஒடித்துப் பார், சரியாகக் கணுவில்தான் முறியும். அது சாலிகார்னியா. தடித்த இலை இருப்பது சுவைடா. எங்கள் பக்கம் இரண்டுமே உமரிதான். கோடையில் இரண்டும் சிவந்துவிடும், தூரத்திலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. இலை உருண்டையாகவும் சதைப்பற்றாகவும் இருக்கிறதா, தண்டு மட்டுமா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். இலையுள்ளதைக் கீரையாகச் செய்வோம். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுப் பருப்பில் போட்டால் உப்பே சேர்க்க வேண்டாம்.

ரோஸ் பூ கொடி வங்காரவள்ளையாக இருக்கும். ஜோடி இலை இரண்டும் ஒரே அளவா பார். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் அது சாரணை. வங்காரவள்ளை தரையைத் தொடுகிற கணுவில் எல்லாம் வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். கடலோர மேட்டில் இரண்டாகப் பிளந்த இலையோடு ஊதாப் பூ பூக்கும் அடப்பங்கொடி, ராவணன் மீசைப் புல் இரண்டும் இருக்குமே, நீங்கள் எழுதவில்லை? ராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்பந்து காய்ந்து கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டு போய் விதை போடும்.

குடை மரம் சீமைக்கருவேலம் இல்லை, அடித்துச் சொல்வேன். அது உடை. நம் தெற்கத்திச் சீமையின் சொந்த மரம். கிளையை உடைத்து முள்ளைப் பாருங்கள். நீள வெள்ளை முள்ளும் குட்டையான கொக்கி முள்ளும் ஒரே கிளையில் கலந்திருக்கும். பூ வெள்ளை உருண்டை, காய் உருண்டு வளைந்திருக்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ நீளக் கதிர், காய் மஞ்சளாக நீட்டமாகத் தொங்கும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

நிழல்வேண்டும் எழுதியது:

எல்லாம் சரி, ஊருக்கு நிழல் வேண்டாமா? உமரிக்கடியில் உட்கார முடியுமா? 2004 சுனாமிக்கு அப்புறம் கரையோரமெல்லாம் சவுக்கு வைத்தார்களே, அதெல்லாம் தப்பா? பொட்டலைப் பொட்டலாகவே விட்டால் நாளைக்கு எவனாவது இறால் பண்ணை போட்டுவிடுவான். மரம் நின்றால் அந்தப் பயமில்லை.

உப்பளக் கணக்கு எழுதியது:

இறால் பண்ணை பற்றிச் சொன்னது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து மரக்கன்று இல்லை. எங்கள் பக்கத்துத் தரவையில் ஒரு அமைப்பு வேம்பும் புங்கையும் வைத்துப் படமெடுத்துக்கொண்டு போனது. மழைக்காலத்தில் வேர் அழுகியது, கோடையில் உப்பு ஏறியது, வைகாசியில் ஊன்றிய குச்சிகள் மட்டும் நின்றன. அந்த மண்ணில் உமரி நிற்கிறதென்றால், அது உப்பைத் தாங்கும் உடம்போடு பிறந்தது.

சவுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த மரம். நெருக்கி நட்டால் நிழலும் சருகு மெத்தையும் சேர்ந்து கீழே அடப்பங்கொடியை வரவிடாது. நிழல் வேண்டுமென்றால் ஊரணிக் கரை, பள்ளிக்கூட வாசல், பஸ் ஸ்டாப் இருக்கிறது. பனை, பூவரசு, புன்னை தாராளமாக வைக்கலாம். தரவை மேட்டில் ஏற்கெனவே நிற்கிற உடையை வெட்டாமல் விட்டாலே ஆட்டுக்கும் ஆளுக்கும் நிழல்தான்.

சீமைக்கருவேலத்தைக்கூடப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள், உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டவை. அந்த மாதிரிக் கண்மாய்களில் நாட்டுக் கருவையோடு இதிலும் நாரைகள் கூடு வைக்கும். குஞ்சு பறந்த பிறகு வெட்டு, முன்னால் வேண்டாம்.

தரவைக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதுபோல முள்ளைப் பார்த்தேன், இரண்டு வகையும் ஒரே கிளையில் இருக்கிறது. உடைதான். காயும் பறித்து வைத்திருக்கிறேன், மன்றத்தில் காட்டுவேன். இன்னொன்று: போன தையில் தண்ணீர் நின்றபோது நெடிய காலோடு சாம்பல் நிறத்தில் ஏழெட்டுப் பறவைகள் வந்தன. அலகு பாதியில் கீழே மடங்கியிருந்தது. கொக்கா, நாரையா?

உப்பளக் கணக்கு எழுதியது:

இரண்டும் இல்லை, இளம் பூநாரைகள். சிவப்பு ஏறச் சில வருஷம் ஆகும், அதுவரை சாம்பலும் பழுப்புமாகத்தான் திரியும். கொக்குக்கும் நாரைக்கும் அலகு அப்படி நடுவில் மடங்காது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அலசினதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். தனுஷ்கோடியில் 2025இல் சரணாலயம் அறிவித்தது இவற்றுக்காகத்தான், அங்கே போனால் வளர்ந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். உன் தரவையில் பார்த்ததை மாதத்தோடு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடு. உப்புக்கொத்திக் கூட்டைப் பற்றிக் குறிப்பில் எதுவும் எழுதாதே.