டெல்லி மெட்ரோ சுற்றுலா அட்டை வாங்கலாமா?

குளச்சல்காரன்:
நாகர்கோவிலில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போகிறோம். அம்மா, மனைவி, 12 வயது மகன் கூட வருகிறார்கள். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றும் பார்த்தே ஆக வேண்டும். மெட்ரோவில் 1 நாள், 3 நாள் சுற்றுலா அட்டை தருகிறார்களே, நுழைவுச்சீட்டும் அதில் சேர்ந்துவிடுமா?

தக்கலை வாசி:
சேராது அண்ணே, அது மெட்ரோ பயணத்துக்கு மட்டும்தான், ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், 90 செ.மீ. உயரத்துக்கு மேல் போன பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஒரே நாளில் நாலைந்து இடம் சுற்றினால்தான் கட்டுப்படியாகும். நுழைவுச்சீட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் எடுங்கள், கவுன்டரை விட விலை குறைவு, 15 வயதுக்குக் கீழ் இலவசம். அப்புறம் முக்கியமான விஷயம், நம்ம பத்மநாபபுரம் அரண்மனை மாதிரியே செங்கோட்டைக்கும் திங்கள் விடுமுறை.

மார்த்தாண்டம் டீச்சர்:
திங்களன்று குதுப் மினார் போங்கள், அது திறந்திருக்கும். சுமார் 73 மீட்டர் உயரம், ஆனால் 1981-இல் உள்ளே நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற யாரையும் விடுவதில்லை, மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணைத் தயவுசெய்து அவசரமாகக் கடந்து போகாதீர்கள், 1600 ஆண்டு மழை வெயிலில் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்காத தூண் அது!

குளச்சல்காரன்:
ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முட்டுவலி, ஹுமாயூன் கல்லறையில் படி அதிகமா?

தக்கலை வாசி:
மேடைக்கு ஏறும் படி செங்குத்தானது. அம்மா தோட்டத்திலேயே உட்காரட்டும், கட்டடம் முழுசும் அங்கிருந்தே தெரியும். நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் பக்கம்தான், ஆட்டோ போதும்.