முன்னுரையார் என்று பேர் வாங்கிய கதை

பள்ளிபாளையத்தான்:

2017இல் பிளஸ் டூ முடித்தேன். தமிழில் 200க்கு 183. அந்தத் திமிரோடுதான் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். பகுதி ஒன்று தமிழ் என்று ஒரு மொழிப்பாடம் உண்டு என்றார்கள். அதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் கட்டுரை எப்படி இருக்கும் தெரியுமா? முன்னுரை, நடுவில் ஆறு துணைத்தலைப்பு, முடிவுரை. தலைப்புக்கெல்லாம் ஸ்கெட்ச் பேனா, அடியில் இரட்டைக் கோடு. மழைநீர் சேமிப்பு, பெண் கல்வி, சாலைப் பாதுகாப்பு, எதைக் கேட்டாலும் முதல் வரி தயாராக இருக்கும்: ‘இன்றைய நவீன காலகட்டத்தில் இது மிகவும் இன்றியமையாத ஒன்றாகும்.’ ‘இது’ என்ற இடத்தில் தலைப்பைப் போட்டால் வேலை முடிந்தது.

எங்களுக்குத் தமிழ் எடுத்த அம்மா கௌரவ விரிவுரையாளர். (சம்பளம் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வந்தது என்பது தனிக்கதை, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.) முதல் மாதம் ஒரு பக்கக் கட்டுரை கேட்டார். தலைப்பு: ‘தினமும் நான் கேட்கும் சத்தம்’. நான் மூன்று பக்கம் எழுதினேன். ‘சத்தம் என்பது மனித வாழ்வில் மிகவும் இன்றியமையாத ஒன்றாகும்’ என்று ஆரம்பித்து, ஒலி மாசு, அதைத் தடுக்கும் வழிமுறைகள், அரசின் கடமை எல்லாம் முடித்து, ‘சத்தமில்லா உலகம் படைப்போம்’ என்று முழங்கி வைத்திருந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது மதிப்பெண் இல்லை. கீழே பென்சிலில் ஒரே ஒரு வரி: “இது எந்த ஊர்ச் சத்தம் தம்பி?”

அன்றைக்குக் குறுந்தொகைப் பாடம். ‘யாயும் ஞாயும்’ பாட்டை நடத்திவிட்டு, “இதை எழுதியவர் பேர் யாருக்கும் தெரியாது” என்றார். செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர் என்று அவர் எழுதிய உவமையையே எடுத்து, செம்புலப்பெயல்நீரார் என்று பேராக வைத்துவிட்டார்கள். ஆள் பேர் போய்விட்டது, தொடர் நின்றுவிட்டது. அடுத்த பாட்டும் அப்படித்தான். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று எழுதியவர் அணிலாடு முன்றிலார். ஒற்றை ஏர் வைத்திருப்பவன் ஈரம் காய்வதற்குள் உழ வேண்டுமே என்று பதறுவதைச் சொன்னவர் ஓரேருழவர். நற்றிணையில் ஒருவர் இருக்கிறார். பொருள் தேடப் போனவனை, வீட்டுக்குத் திரும்பு என்று நெஞ்சு இழுக்கிறது, வேலையை முடி என்று அறிவு இழுக்கிறது. நடுவில் அவன் உடம்பு, இரண்டு யானை பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. அவர் பேர் தேய்புரிப் பழங்கயிற்றினார். அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புரி, அதாவது கயிற்றின் இழை, தேய்ந்தால் என்ன ஆகும் என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் கட்டுரைத்தாள் கட்டைக் கையில் எடுத்தார். “உங்கள் பேரெல்லாம் அழிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இருக்கிற எந்தத் தொடரை வைத்து உங்களைக் கூப்பிடுவது?” முதலில் என்னைத்தான் பார்த்தார். “தம்பி, உனக்கு முன்னுரையார் என்று வைக்கலாமா?” வகுப்பே சிரித்தது. மூன்றாம் ஆண்டு டி.சி. வாங்கும் வரைக்கும் அந்தப் பேர் என்னை விடவில்லை.

ரோஷத்தில் இரண்டாவது தடவை எழுதினேன். எங்கள் ஊரில் சத்தம் என்றால் விசைத்தறிச் சத்தம்தான். தெருவுக்கு நாலு பட்டறை, பகலும் இரவும் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா சடக் சடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ‘தறியின் இனிய இசை’, ‘நூல்கள் பாடும் தாலாட்டு’ என்றெல்லாம் அள்ளி விட்டிருந்தேன். இந்தத் தடவை நிச்சயம் பாராட்டு என்று இருந்தேன். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, “உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டார்.

“தறி ஓட்டுறாருங்கம்மா.”

“அது இசையா என்று அவரிடம் கேட்டுவிட்டு வா.”

கேட்டேன். இரண்டு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இருபது வருடத் தறியில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. “இசையா? எவன்டா சொன்னான்?” என்றார். அவ்வளவுதான் பேட்டி.

மூன்றாவது தடவை எழுத ஒரு வாரம் ஆனது. சத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், காதில் விழுந்தால்தானே எழுதுவதற்கு? ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். மற்ற ஊரில் சத்தம் கேட்டால் விழிப்பு வரும், எங்கள் ஊரில் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். தொட்டில் பிள்ளைகள்கூட அழ ஆரம்பித்துவிடும். இதை இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை. இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். பட்டறையிலிருந்து வெளியே வந்த ஆட்கள், தறி ஓடும்போது பேசுகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைதியான தெருவில் ரகசியமெல்லாம் ஊருக்கே கேட்டது. எங்கள் அப்பா பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னதும் கேட்டது.

ஒன்றரைப் பக்கம் வந்தது. முன்னுரை இல்லை, முடிவுரையும் இல்லை. அம்மா இரண்டு இடத்தில் ‘மிகவும்’ என்பதை அடித்தார், ‘ஊடை’ (தறியில் குறுக்கே ஓடும் நூல்) என்று நான் எழுதிப் பயந்து அடித்திருந்த சொல்லைத் திரும்ப எழுதிக்கொடுத்தார். “உனக்குத் தெரிந்த சொல் எனக்குத் தெரியாது என்றால் அது பிழையில்லை தம்பி, நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது” என்றார். ஓரத்தில் ‘தறி நின்ற இரவார்’ என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சந்திப்பிழை திருத்துவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சிவப்பாக்க மாட்டார். ஒரு கட்டுரைக்கு ஒரு விதி. முதல் மாதம் ‘அந்த, இந்த, எந்த’ மட்டும்: அந்தப் பையன், இந்தத் தறி. அடுத்த மாதம் ‘ஐ’, ‘கு’ என்ற வேற்றுமை உருபுகள். அதற்கடுத்த மாதம் ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் ஒற்று வருகிறது, ‘வந்து பார்த்தான்’ என்பதில் ஏன் வரவில்லை என்று. கடைசி ‘து’வுக்கு முன்னால் வல்லின ஒற்று வந்தால் வன்தொடர், மெல்லின ஒற்று வந்தால் மென்தொடர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது அப்போதுதான் வாய்க்கு வந்து சேர்ந்தது. “சத்தமாகப் படி, உதடே சொல்லும்” என்பார். எல்லா இடத்திலும் சொல்லாது, ஆனால் முக்கால்வாசி சொல்லிவிடும்.

இது எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் செமஸ்டரில் கட்டுரைக் கேள்விக்கு அதே தெம்பில் தலைப்பு எதுவும் போடாமல் எழுதினேன். 75க்கு 39. பக்கத்து பெஞ்சுக்காரன் பழைய பாணியில் ஸ்கெட்ச் பேனாவோடு எழுதி 61 வாங்கினான். அம்மாவிடம் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பரீட்சைக்குத் தலைப்பு போடு. ஆனால் தலைப்புக்குக் கீழே நீ இரு” என்றார். அடுத்த செமஸ்டர் 58. எனக்கு இன்னும் அந்த 39தான் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பொய். அன்றைக்கு அழுதேன்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அந்த 39 போட்டது நானாகக்கூட இருக்கலாம். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் என்பதால் துணைத்தலைப்புக்காக ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன். மத்திய மதிப்பீட்டு முகாமில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பதாவது தாளைப் பிரிக்கிறவனுக்குத் துணைத்தலைப்பு என்பது கண்ணுக்கு ஒரு திண்ணை. அது இல்லாத தாளைப் பொறுமையாகப் படிக்க ஆசைதான், நேரம் இல்லை. மாணவனும் பாவம், நாங்களும் பாவம்.

நீங்கள் யாயும் ஞாயும் என்றதும் எனக்கு ஒரு கூத்து நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் முதலாண்டு மாணவர்கள் கையில் மலிவுப் பதிப்பாக ஏதோ ஒரு நோட்ஸ் சுற்றியது. மாதத்தேர்வுத் தாளில் பாதிப் பேர் ‘யாயும் நாயும் யாரா கியரோ’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதில்லை, எல்லோரும் ஒரே அச்சுப்பிழையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வகுப்பில் கேட்டேன், “ஏம்ப்பா, இந்தப் பாட்டில் நாய் எங்கே வந்தது?” கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “தலைவி தனியா இருக்காங்கல்ல ஐயா, காவலுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துவிட்டு யோசித்தேன். அந்த வகுப்பிலேயே பாட்டைப் பற்றிச் சொந்தமாக ஒன்று யோசித்தவன் அவன் ஒருவன்தான். தப்பான பாடத்துக்குச் சரியான காரணம் தேடியிருக்கிறான். ஞாய் என்றால் உன் தாய் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த நாயை வைத்தே ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். நன்றாக எழுதினான். மாதத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை, விதி விதிதான். இப்போது நினைத்தால் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கலாம்.

---

புனே பொண்ணு:

நான் இன்ஜினியரிங். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டு ‘தமிழர் மரபு’ என்று ஒரு கிரெடிட் பாடம் இருக்கிறது, அடுத்த செமஸ்டர் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. ஆங்கிலத்திலும் எழுதலாம். நான் புனேயில் வளர்ந்தவள். தமிழ் பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், எழுதினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையெழுத்து. ஆனாலும் ஒரு அசைன்மென்ட்டாவது தமிழில் எழுதிவிட வேண்டும் என்று வீம்பு.

எனக்குக் கிடைத்த தலைப்பு நடுகல். போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றுகிற வழிதான் எனக்குத் தெரியும். நான் கவனிக்காமல் விட்டதில் கட்டுரை முழுக்க ‘நடுகல்’ எல்லாம் ‘நாடுகள்’ ஆகிவிட்டது. ‘போரில் இறந்த வீரனுக்காகத் தமிழர்கள் நாடுகள் நட்டார்கள்.’ சார் அதைத் திருத்தாமல், “ரொம்பப் பெரிய மனசும்மா நம்ம ஆளுங்களுக்கு” என்று எழுதிக்கொடுத்தார்.

வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டுக் கையால் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் மெதுவாக எழுதும்போதுதான் ல, ள, ழ மூன்றும் வேறு வேறு சத்தம் என்று தெரிந்தது. காரைக்குடியில் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன், ‘வால்க வளமுடன்’ என்று முடித்து. ஆச்சி போன் செய்து, “வாலை மட்டும் வெட்டிப்புடு ஆத்தா, மத்ததெல்லாம் நல்லா இருக்கு” என்றார்கள். இப்போது தமிழ் எழுத்தையே நேராக அடிக்கிற தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

---

பின்பெஞ்ச்:

எங்களுக்கும் முதலாண்டில் ஒரு சார் இருந்தார். நாற்பது பக்க நோட்டு முழுக்கச் சொல்லச் சொல்ல எழுதினோம். அவரும் ஒரு வகையில் எங்களை எழுத வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிபாளையத்தாரே, கரண்ட் போன ராத்திரி உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?

---

பள்ளிபாளையத்தான்:

வேண்டுமென்றுதான் விட்டேன். சரி, கேட்டுவிட்டீர்கள்.

பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பற்றிச் சொன்னார். நாற்பதாயிரம், அதை அடைக்கிற வரைக்கும் வேறு பட்டறைக்குப் போக முடியாது, பையன் காலேஜ் செலவுக்கு இன்னும் கேட்க வேண்டியிருக்கும் என்று. பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

அதைக் கட்டுரையில் எழுதியிருந்தேன். தமிழ் எடுத்த அம்மா படித்துவிட்டு, இதை வகுப்பில் வாசிப்பதற்கு முன்னால் அப்பாவிடம் வாசித்துக் காட்டு, அவர் வேண்டாம் என்றால் அடித்துவிடு என்றார். எனக்கு அது எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதுப் பக்கம் போய், நான் கத்தி வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் அம்மாவும் கையை நிறுத்திவிட்டாள்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோபமா என்று தெரியவில்லை. அப்புறம் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“நாப்பது இல்ல சாமி, முப்பத்தெட்டு. ரெண்டு போன மாசமே கழிச்சாச்சு. மாத்தி எழுதிப் போடு.”