வூடி கத்ரி: இரவல் மெட்டில் எழுதியவரைப் பாடல் படைப்பாளி என்று சொல்லலாமா?

கேள்வி:

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியின் (1912–1967) பாடல்களைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அவருடைய புகழ்பெற்ற ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாடலின் மெட்டு, கார்ட்டர் குடும்பத்தினர் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குழுவினர் முன்பே பாடியிருந்த ஒரு பக்திப் பாடலுடையது என்று அறிந்தபோது மனம் துணுக்குற்றது. தேடிப் பார்த்தால் ‘டாம் ஜோட்’, ‘ரோல் ஆன் கொலம்பியா’ ஆகியவையும் பழைய மெட்டுகளிலேயே அமைந்திருக்கின்றன. மெட்டு தம்முடையதல்ல என்றால், அவரைப் படைப்பாளியாகக் கொண்டாடுவது எந்த அளவுக்குப் பொருந்தும்? 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் பாடாமல் போனது ஏன் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:

ஓக்லஹோமாவின் ஒகிமா என்னும் சிற்றூரில், தாயார் நோரா பாடிய பழைய கதைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர் கத்ரி. அந்த மரபில் மெட்டு ஊர்ப் பொதுச்சொத்து, சொல்தான் பாடுபவனுடையது. பாரதியார் நொண்டிச் சிந்திலும் கும்மியிலும் எழுதினார் என்பதற்காக நாம் அவரை இரவல் கவிஞர் என்பதில்லையே!

தாங்கள் குறிப்பிட்ட பாடலையே எடுத்துக்கொள்வோம். ‘காட் பிளஸ் அமெரிக்கா’ என்ற தேசபக்திப் பாடல் வானொலியில் ஓயாமல் ஒலிப்பதைக் கேட்டுச் சலித்து, 1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதற்கு மறுமொழியாகவே அவர் இதை எழுதினார். கடவுள் இந்நாட்டை எனக்காக வாழ்த்தினார் என்பதே முதல் வடிவத்தின் பல்லவி. இந்நாடு உனக்கும் எனக்குமானது என்னும் வரி பின்னர் வந்தது. தனியார் நிலம் என்று எழுதிய பலகையையும், நிவாரணத்துக்காகப் பசியோடு வரிசையில் நிற்கும் மக்களையும் காட்டும் கண்ணிகள் அதில் உண்டு. பள்ளிகளில் பாடும்போது பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். மெட்டு முன்பே காதுக்குப் பழகியதாக இருந்தால், தொழிற்சங்கக் கூட்டத்தில் இரண்டாம் கண்ணி வருவதற்குள் அனைவரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பதில் 2:

மேற்கண்ட பதிலை ஏற்கிறேன். ஆனால் அவர் எழுதிய அனைத்தையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலவில்லை. 1941இல் போனவில் மின்சக்தி நிர்வாகம் என்ற அமெரிக்க அரசு அமைப்பு கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றிப் பாடல் எழுத அவரை ஒரு மாதத்துக்கு அமர்த்தியது. 266 டாலர் 66 சென்ட் ஊதியத்துக்கு அவர் 26 பாடல்கள் எழுதினார். அவற்றில் சில நிலைத்தன. சில இன்று வெறும் பிரசாரமாகவே ஒலிக்கின்றன.

அவருடைய சொல்லின் வலிமையை அறிய ‘டிபோர்ட்டி’ (நாடு கடத்தப்பட்டவர்) பாடலைக் கேளுங்கள். 1948 ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவின் லாஸ் கேடோஸ் பள்ளத்தாக்கில் விமானம் விழுந்து 32 பேர் இறந்தனர். அவர்களில் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர்கள். செய்திகளில் விமானப் பணியாளர்களின் பெயர்கள் வந்தன. தொழிலாளர்கள் ‘நாடு கடத்தப்பட்டோர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். அதைத் தாங்கமுடியாமல் எழுதிய அந்த வரிகளுக்கு, சுமார் பத்தாண்டுகள் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர்தான் மெட்டமைத்தார். அதாவது, கத்ரியின் சொற்கள் மெட்டே இல்லாமல் பத்தாண்டுகள் உயிரோடு இருந்திருக்கின்றன. 2013இல், அந்தத் தொழிலாளர்கள் புதைக்கப்பட்ட ஃபிரெஸ்னோ கல்லறையில் 28 பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன.

பதில் 3:

இரண்டாவது கேள்விக்கு விடை, ஹண்டிங்டன் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புள்ள இந்த நரம்பு நோய்தான் அவருடைய தாயாரையும் மனநோய் மருத்துவமனையில் கொண்டு சேர்த்தது. கத்ரியின் தடுமாற்றங்களைக் குடிப்பழக்கத்தின் விளைவாகவே பலர் கருதினர். 1952இல்தான் நோய் கண்டறியப்பட்டது. கைகள் கித்தாருக்குக் கட்டுப்படாமல் போக, 1950களின் நடுவிலிருந்து 1967 அக்டோபர் 3 அன்று இறக்கும்வரை பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே வாழ்ந்தார். 1961இல் 19 வயதான பாடகர் பாப் டிலன் தேடிச் சென்று பார்த்தது இந்த நிலையில் இருந்தவரைத்தான். கத்ரி மறைந்த ஆண்டிலேயே, முன்னாள் மனைவி மார்ஜரி இந்நோயால் வாடும் குடும்பங்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

மெட்டைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. இசையமைக்கப்படாத ஆயிரக்கணக்கான பாடல்களை அவர் தாளில் விட்டுச் சென்றார். மகள் நோரா அவற்றிலிருந்து சிலவற்றை ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக்கிடம் ஒப்படைக்க, அவரும் வில்கோ இசைக்குழுவினரும் மெட்டமைத்து 1998இல் ‘மெர்மெய்ட் அவென்யூ’ தொகுப்பாக வெளியிட்டார்கள். பிறர் மெட்டில் எழுதியவருடைய சொற்களுக்கு இப்போது பிறர் மெட்டுப் போடுகிறார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து ‘கலிபோர்னியா ஸ்டார்ஸ்’ பாடலை முதலில் கேட்டுப் பாருங்கள்.