தாத்தாவோட 66 எஃப்-100: எதுல கை வைக்கிறது?

மூணாம்கியர்:
தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இப்ப என்கிட்ட வந்திருக்கு. 1966 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக், 240 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே மூணு கியர். பதினாலு வருஷமா ஷெட்டுல நின்ன வண்டி. மேல்தகரம் தப்பிச்சிருக்கு. கேபின் பின்மூலை ரெண்டும் ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா உள்ள போகுது. ஃபேனைப் பிடிச்சுச் சுத்திப் பார்த்தேன், இன்ஜின் அசையல. டேங்க் சீட்டுக்குப் பின்னாடி கேபினுக்குள்ளயே இருக்கிறதால, கதவைத் திறந்தாலே கெட்டுப்போன பெட்ரோல் வாடை.

ஆனா என் குழப்பம் வேற. டாஷ்போர்டு பெட்டிக்குள்ள இருக்கிற அட்டையில, ஆயில் மாத்தின தேதியையும் ஓடின மைலையும் தாத்தா பென்சிலால எழுதி வச்சிருக்கார். மீட்டர்ல அஞ்சு இலக்கம்தான், லட்சம் தாண்டினா மறுபடி பூஜ்யம். இந்த அட்டை இல்லேன்னா வண்டி ரெண்டு சுத்து முடிச்சதே யாருக்கும் தெரியாது. கடைசி வரி மட்டும் அப்பா கையெழுத்து: "பிரேக் வலது பக்கம் இழுக்குது." டிரைவர் கதவு விளிம்புல ரெண்டு பேர் முழங்கையும் பட்டுப் பட்டு பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரியுது. தம்பி எல்லாத்தையும் பிரிச்சு, சுரண்டி, புதுசா அடிக்கணும்கிறான். எனக்கு மனசு வரல. எங்க தொடங்கலாம்?

பழைய_இரும்பு:
முதல்ல அந்த அட்டையை வெளியே எடுத்து பத்திரப்படுத்துங்க. மத்ததெல்லாம் கடையில கிடைக்கும்.

இன்ஜினுக்கு அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. ஆறு பிளக்கையும் கழட்டி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயிலும் (ATF) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் விட்டு, நாலஞ்சு நாள் ஊற விடுங்க. அசிட்டோன் நெருப்புக்குப் பக்கத்துல ஆகாது. அப்புறம் இன்ஜின் முன்னாடி இருக்கிற கிராங்க் தண்டோட போல்ட்ல நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெதுவா அசைச்சுப் பாருங்க. ஒரு நூல் அசைஞ்சாலும் பாதி ஜெயிச்ச மாதிரி. அதோட, வால்வு மூடியைத் திறந்து எல்லா வால்வும் ஏறி இறங்குதான்னு பாருங்க. இந்த இன்ஜின்ல கிராங்கையும், வால்வைத் திறக்கிற கேம் தண்டையும் இணைக்க டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரம்தான். கேம் பக்கத்துச் சக்கரம் ஃபைபர். ஒட்டிக்கிட்ட வால்வோட மல்லுக்கட்டினா அதைத் தள்ளுற கம்பி (புஷ்ராடு) வளையும், இல்லேன்னா பல்லு போகும்.

டேங்கைக் கழட்டி வெளியே வச்சே சுத்தம் பண்ணுங்க. ஓட்டை இருந்தா நீங்களா வெல்டிங் வைக்கப் போகாதீங்க. காலி டேங்குதான் வெடிக்கும்.

பெட்டிபெட்டியா:
மொத்தமா பிரிக்காதீங்க சார். நான் பிரிச்சேன். அக்கக்கா கழட்டி பெட்டியில போட்டு, மேல பேனாவால எழுதினேன். எலி அட்டைப்பெட்டியை முதல்ல தின்னுச்சு, எழுத்தும் அதோட போச்சு. ஏழு வருஷமா கதவு ஒரு மூலையில, சேஸி ஒரு மூலையில. ஓடுற வண்டியை வச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா சரி பண்ணுறவன்தான் முடிக்கிறான்.

டிரம்சத்தம்:
எல்லாரும் ஓட வைக்கிறதைப் பத்தியே பேசறீங்க. தம்பி, நிக்குமான்னு பார்த்தியா?

உன் வண்டியில மாஸ்டர் சிலிண்டர், அதான் பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது, ஒரே அறை. எங்கயோ ஒரு குழாய் ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும், பெடல் தரையில உட்கார்ந்துடும். 1967 மாடல்லதான் ஃபோர்டு ரெட்டை அறை வச்சான். முடிஞ்சா அதுக்கு மாறிடு, "ஒரிஜினல்"னு யார் சொன்னாலும் காதுல வாங்காதே.

உங்கப்பா எழுதினதுல விஷயம் இருக்கு. வலது பக்கம் இழுத்தா எல்லாரும் வலது பிரேக் டிரம்மைத்தான் திறப்பாங்க. நீ இடது முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸைப் பாரு. வெளியில நல்லா இருக்கும், உள்ள உப்பி அடைச்சிருக்கும். இடது பக்கம் பிடிக்காம வலது மட்டும் பிடிச்சா வண்டி அந்தப் பக்கம் போகாம என்ன பண்ணும்? டிரம்மைத் திறக்கும்போது காத்தடிச்சுத் தூசி தட்டாதே. பழைய பிரேக் லைனிங்ல நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால துடை.

பெயின்ட்டை விடு. மூலைத் தகரத்தை மட்டும் வெட்டி வெல்டிங் வை.

மூணாம்கியர்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். கிராங்க் ஆறாவது நாள் அசைஞ்சுது. "டக்"னு ஒரு சத்தம், நான் எதையோ உடைச்சுட்டேன்னு நினைச்சேன். வால்வுல ரெண்டு ஒட்டியிருந்தது, எண்ணெய் விட்டுத் தட்டினதும் இறங்கிடுச்சு.

டிரம்சத்தம் அண்ணே, இடது ஹோஸைக் கழட்டி மெல்லிய கம்பி விட்டேன். பாதியில நின்னுடுச்சு. நறுக்கிப் பார்த்தா உள்ள ரப்பர் சதை மாதிரி உப்பி, ஊசி முனை அளவுதான் வழி. வலது ஹோஸ்ல கம்பி சர்ருனு போச்சு. மூணு ஹோஸும் ரெட்டை அறை சிலிண்டரும் வாங்கப் போறேன்.

கதவு விளிம்புல துரு பிடிக்காம இருக்க மெழுகு தேய்ச்சு அப்படியே விட்டுட்டேன். தம்பி ரெண்டு நாள் பேசல. நேத்து அவனே வந்து சீட்ல உட்கார்ந்து, கையை அதே இடத்துல வச்சுப் பார்த்தான். அட்டையை ஸ்கேன் பண்ணிட்டேன். அப்பா வரிக்குக் கீழ பென்சிலால "இடது ஹோஸ்"னு எழுதியிருக்கேன்.